வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

நாலு மணிக்குக் கடைசி வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள், இப்போது இரண்டரை, அப்பா கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நான் வாசற்படியில் உட்கார்ந்து அவரைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காற்று நின்றுவிட்டது. காலை முழுக்கப் பூவரச மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த காற்று, யாரோ கூப்பிட்ட மாதிரி, அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டது. இலை ஒன்று அசையவில்லை. தெரு முழுக்க மஞ்சள் கரைத்துத் தெளித்த மாதிரி ஒரு வெளிச்சம், அதில் தட்டான்கள் முழங்கால் உயரத்துக்குத் தாழப் பறக்கின்றன, எல்லாம் ஒரே திசையில், மேற்கே, இவற்றுக்கு யார் வேன் அனுப்பினார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கடல் இரைவது மட்டும் வேறு மாதிரி. அலை உடைகிற சத்தமாக இல்லை, ரொம்ப தூரத்தில் யாரோ ஒரு பெரிய அண்டாவைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறார்கள், நிறுத்துகிறார்கள், மறுபடி இழுக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் புயல் கரையைக் கடக்கும் என்கிறது ரேடியோ. கரை என்றால் எது, நாங்கள்தான் கரை, எங்கள் வாசலிலிருந்து தண்ணீருக்கு இருநூறு எட்டு, சின்ன வயதில் எண்ணினபோது முந்நூறு இருந்தது, என் கால் நீண்டதா கடல் கிட்டே வந்ததா தெரியவில்லை. மேலே சிமெண்ட் ஷீட்டு, அது பறக்காமலிருக்க ஆறு மணல்மூட்டை. இது நிற்காது. அப்பாவுக்கும் தெரியும் நிற்காது என்று. ஆனால் நான் வரல, நீ போ என்று மத்தியானம் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவரை விட்டுவிட்டு நான் போகமாட்டேன், அதுவும் அவருக்குத் தெரியும். அப்படியாக ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவர் படுத்திருக்கிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் ஒரு கடிகாரம்.

அம்மா முதல் வேனிலேயே போய்விட்டாள். ஒரு மணிக்குப் புயல் பாதுகாப்பு மையத்திலிருந்து போன் போட்டாள், பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம், கரண்டி சத்தம். புகழு, சாம்பார் சாதம் போடுறாங்கடா, சூடா இருக்கு, பெரிய எடம், ஃபேனெல்லாம் ஓடுது, அப்பாவக் கூட்டிட்டு வா. வரமாட்டேங்குறாரும்மா. அவருகிட்ட குடு போன. கொடுத்தேன். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ம் என்றார். மறுபடி ம் என்றார். அப்புறம் கதவு தெறந்திருக்கா என்று கேட்டார். அம்மா என்ன சொல்லியிருப்பாள், தெறந்துதான் கெடக்கு, காத்து வருது என்றிருப்பாள். இப்ப தெறந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அப்பா போனை என்னிடம் நீட்டினார். பூட்டியிருந்தால் பார்த்தாயா பூட்டிவிட்டார்கள். திறந்திருந்தால் இன்னும் பூட்டவில்லை. இந்த மாதிரி ஒரு பேச்சுக்குள் போய்விட்டால் நண்டு பொறிக்குள் போனமாதிரி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உள்ளேதான் நகரவேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சைத் தெருவெல்லாம் கிளப்பிவிட்ட குரல் பதிவு நேற்றுக் காலையில் போனில் வந்தது. அனுப்பினது எதிர்வரிசையில் இருக்கும் தேசிங்கு மச்சான், ஐஸ் கம்பெனியில் வேலை, அவருக்கு யார் அனுப்பினார்களோ. பேசுகிறவன் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. மக்களே உஷார் என்று ஆரம்பிக்கிறான், மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறான், ஓடிக்கொண்டே பேசுகிறானோ என்று தோன்றும். கடற்கரை நெடுக நாற்பது முகாம் கட்டியிருக்கிறார்களாம், புயல் பாதுகாப்பு மையம் என்பது வெளியில் சொல்லும் பெயராம், உண்மையில் அது தடுப்பு முகாமாம், புயல் ஒரு சாக்காம், உள்ளே போனவர்களிடம் கைரேகை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்களாம், கரையைக் காலி செய்துவிடுவார்களாம். கூடவே ஒரு படம். எங்கள் ஊர் மையத்தின் படம்தான். வரிசையாக இரும்புக் கதவுகள், ஒவ்வொரு தாழ்ப்பாளையும் சுற்றிச் சிவப்பு வட்டம். பாதுகாப்பு என்றால் தாழ்ப்பாள் ஏன் வெளிப்பக்கம், சிந்திப்பீர், பகிர்வீர். எங்கள் தெருவில் ஏழு வீடு போகாமல் நிற்கிறது. ஏழு வீட்டிலும் இந்தப் படம் இருக்கிறது. அந்த வட்டங்களை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன், பரீட்சைத்தாளில் தப்பைச் சுழித்துக் காட்டுகிற சிவப்பு அது.

காலையில் டீக்கடையில் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் குரல் சிறிசு, நாலு பேர் பேசும்போது என் பேச்சு அவர்கள் கால்களுக்கிடையில் போய்விடும், இருந்தாலும் சொன்னேன். ஏன் தூண்மேல் கட்டியிருக்கான் என்றார் தேசிங்கு மச்சான். தண்ணி கீழால போறதுக்கு மச்சான். ஜன்னல் எதுக்கு அவ்வளவு ஒசரத்துல. காத்துல தகரம் பறந்து வந்தா ஆள் மேல படக்கூடாதுல்ல. இருவது கக்கூஸ் எதுக்குடா மாப்ள, சொல்லு பாப்பம். அறுநூறு பேருக்கு இருவது, அதுவே பத்தாது. எல்லாரும் சிரித்தார்கள், எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் சொல்லியிருக்கலாம். ரகசியம் என்றால் என்னவென்று இவர்களுக்குத் தெரியுமா மச்சான், அடிக்கல் நாட்டினபோது தவில் வைத்தார்கள், ரோஸ் மில்க் கொடுத்தார்கள், நீங்கள் மூன்று கிளாஸ் குடித்தீர்கள். சாவியைத் தலையாரி தொலைத்துவிட்டு இரண்டு மாதம் தேடினார், அந்த இரண்டு மாதமும் செல்லாச்சி அத்தை உள்ளே நெத்திலி காயப்போட்டாள், உங்கள் மகளுக்குக் காது குத்தினதே அந்த ஹாலில்தானே, நடுவில் நின்று ஆடினது யார். நாற்பது முகாமை நாடு முழுக்க ஒருத்தருக்கும் தெரியாமல் கட்டத் தெரிந்தவர்களுக்கு எங்கள் தெருமுனை விளக்கை மூன்று வருஷமாக ஏன் எரியவைக்கத் தெரியவில்லை. இதெல்லாம் என் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். சரி மாப்ள, எல்லாம் இருக்கட்டும், தாழ்ப்பாளு? என்றார் மச்சான். நான் டீயைக் குடித்தேன். ஆறிப்போன டீ. பாத்தீங்களாடா, படிச்ச புள்ளைக்கே பதில் இல்ல என்றார். அவர் சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம், பயந்துபோய்த்தான் சொன்னார்.

பதில் எனக்குத் தெரியும். தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான். அந்தத் தாழ்ப்பாள்களை வைத்தது நான். ஒன்பது கதவு, ஒன்பது தாழ்ப்பாள், போன வருஷம் ஆடி மாசம், நான் தனியாக ஏற்றுக்கொண்டு செய்த முதல் பெரிய வேலை. சூபர்வைசர் நெல்சன் போனில் படம் பிடித்து அனுப்பினார், கதவுக்கான வரைபடம், ஒரே ஒரு பக்கம் மட்டும் வரைந்திருந்தது, நீளம் அகலம் எல்லாம் போட்டு, தாழ்ப்பாள் இங்கே என்று அம்பு போட்டு. அது உள்பக்கத்திலிருந்து பார்க்கிற படம். நான் வெளிப்பக்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று பதினாலு மாதமாக யோசிக்கிறேன். என் கை அதுவரை செய்ததெல்லாம் வலைக்கொட்டகைக் கதவு. இந்தக் கரையில் நாற்பது வலைக்கொட்டகைக்காவது நான் கதவு அடித்திருப்பேன். வலைக்கொட்டகைக்குள் யார் படுக்கப்போகிறார்கள், வலையைப் போட்டுவிட்டு வெளியில் வந்து சாத்திவிட்டுப் போவோம், அதற்குத் தாழ்ப்பாள் வெளியில்தான், உள்ளே எதற்கு. கைக்குப் பழக்கம். கை கதவைப் பார்த்தது, இரும்பைப் பார்த்தது, வெளிப்பக்கம் பற்றவைத்துவிட்டது. உள்ளே ஆள் இருக்கப்போகிறது என்பதை மனசு யோசித்தது, கை யோசிக்கவில்லை. கதவெல்லாம் மாட்டி மறுநாள் எலக்ட்ரீசியன் வந்து ஸ்விட்ச் பெட்டி வைத்தபோதுதான் தெரிந்தது, வரைபடத்தில் கதவுக்குப் பக்கத்தில் அதே ஸ்விட்ச் பெட்டி, ஸ்விட்ச் பெட்டி உள்சுவரில்தானே இருக்கும். நான் அப்படியே நின்றேன். நெல்சனிடம் சொல்லவேண்டும் என்று போனேன், அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், காத்திருந்தேன், காத்திருந்து திரும்பிவிட்டேன். மறுநாள் சொல்லலாம். அதற்கு மறுநாள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பார்வையிட ஒரு அதிகாரி வந்தார், ஒன்பது கதவையும் திறந்து மூடிப் பார்த்தார், தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், ஸ்மூத்தா இருக்கே என்றார், கையெழுத்துப் போட்டார். எனக்கு வியர்த்தது. ஏன் அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் எனக்குச் சிக்குகிறது, தூண்டிமுள் தொண்டையில் சிக்கின மாதிரி, இழுத்தாலும் வலிக்கிறது விட்டாலும் வலிக்கிறது. ஏன் அவருக்குத் தெரியவில்லை. நேற்று ராத்திரி அந்தக் குரலை நாலாவது தடவை கேட்டபோது, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டபோது, எனக்கே ஒரு நிமிஷம் தோன்றியது, ஒருவேளை அவருக்குத் தெரிந்திருந்தால். ஒருவேளை அதுதான் அவர்களுக்கும் வேண்டியிருந்தால். நான் தப்புச் செய்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் தப்பு என்று எனக்குச் சொன்னது அந்த ஸ்விட்ச் பெட்டி ஒன்றுதானே, அதை நான் சரியாகத்தான் பார்த்தேனா, வரைபடம் இன்னும் போனில் இருக்கிறது, திறந்து பார்த்தால் முடிந்துபோகும், திறக்க மனசு வரவில்லை. பாருங்கள், எப்படி இழுக்கிறது. தப்புச் செய்தவனுக்கே அது சதியாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது. சதி என்றால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், நம்மைப்பற்றி ராத்திரி பகலாகப் பேசியிருக்கிறார்கள், நம் கரை அவர்கள் மேஜைமேல் இருக்கிறது. தப்பு என்றால் ஒன்றுமே இல்லை, ஒருத்தன் வலைக்கொட்டகையை நினைத்துக்கொண்டு பற்றவைத்தான், ஒருத்தன் மத்தியானச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான், அவ்வளவுதான், நம்மை யாருமே நினைக்கவில்லை. படத்தைத் திறந்தேன். இப்போதுதான், இந்தப் படியில் உட்கார்ந்து. ஸ்விட்ச் பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. சின்னச் சதுரம். தட்டான் ஒன்று போன்மேல் வந்து உட்கார்ந்து எழுந்து போனது.

அப்பா மற்றவர்கள் மாதிரி இல்லை, அவருக்குக் காரணம் இருக்கிறது. நான் நாலாவது படிக்கும்போது கடலில் எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லி எதிர்க்கரை ஜெயிலில் பிடித்துவைத்தார்கள், அப்பாவும் இன்னும் மூன்று பேரும், ஐந்து மாதம். திரும்பி வந்தவர் அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, அம்மா முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமலேயே, வெளியேர்ந்து தாழ்ப்பா போடுற சத்தம் இருக்கே, அது தெனம் ஆறு மணிக்கு என்றார். அம்மா முறுக்கைத் திருப்பினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. இப்படிப்பட்டவரிடம் போய் இதை நம்பாதே என்று எப்படிச் சொல்வது. அந்த ஆடியிலேயே மையத்தைத் திறந்தார்கள், அன்று என்னுடன் வந்தார், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. பந்தலில் நின்ற வெளியூர்க்காரர்களிடமெல்லாம் எம்மவன் செஞ்ச கதவு என்றார். முதல் கதவுக்கிட்டே போய் இரும்பைத் தடவினார், வெல்டிங்கைத் தடவினார், கெட்டியா இருக்குடா என்றார், கை நகர்ந்து தாழ்ப்பாளுக்கு வந்தது, அங்கேயே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கையை எடுத்துக்கொண்டு, வா போவலாம், வெயிலு ஏறுது என்றார். அதற்குப் பிறகு எம்மவன் செஞ்ச கதவு என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்கவில்லை. என் தப்பைக் கண்டுபிடித்துவிட்டார், என் மானத்துக்காகச் சும்மா இருக்கிறார் என்று நினைத்தேன். பதினாலு மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மணி. காற்று ஒருமுறை தெருவுக்குள் வந்து எல்லா வாசலையும் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. கட்டில் கிறீச்சிட்டது. அப்பா புரண்டு என் பக்கம் திரும்பினார்.

"தேசிங்கு அனுப்புனத நம்பிக்கிட்டு நான் படுத்துக் கெடக்கன்னு நெனக்கிறியா?"

"அப்பறம் எதுக்குப்பா?"

அவர் மறுபடி கூரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒன்கிட்ட எதாவது எழுதி வாங்குனாங்களா?"

"யாரு?"

"கட்டுனவனுங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு."

எனக்கு விளங்கவில்லை. விளங்காததுபோல இருந்தது, அப்புறம் மெதுவாக, தண்ணீர் ஈரமணலில் ஏறுகிறமாதிரி ஏறியது.

"நான் கேட்டா நீ பொய் சொல்லணும்" என்றார் அப்பா. கூரையைப் பார்த்துத்தான் சொன்னார். "பெத்த புள்ளைய எதுக்குப் பொய் சொல்ல வக்கணும்னு கேக்கல. வேலைக்குப் போன எடத்துல செய்யின்னா செஞ்சுதான ஆவணும். ஒம்மேல தப்பில்ல. ஆனா ஒங் கையால செஞ்சதுக்குள்ள என்னப் போயி ஒக்காருன்னு சொல்லாத."

பதினாலு மாதமாக என் அப்பா என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு சிறைக்குக் கதவு செய்துகொடுத்தேன் என்று நம்பிக்கொண்டு, என்னை மிரட்டியிருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், என்னோடு ஒரே தட்டில் மீன் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என் வெட்கம் காரணம், அவர் அதைப் பயம் என்று படித்தார். தேசிங்கு மச்சானின் படம் அவருக்கு எதையும் புதிதாகச் சொல்லவில்லை. அந்தக் குரல் பதிவுக்கு முன்னாலேயே இந்த வீட்டில் ஒரு முகாம் இருந்திருக்கிறது, அதற்குச் சாட்சி என் மௌனம்.

"இல்லப்பா" என்றேன். "நாந்தான் தப்பா வச்சன்."

"என்னா? கேக்கல."

"தாழ்ப்பாள. உள்ள வக்கிறத வெளிய வச்சிட்டன். யாரும் சொல்லல. படத்தத் திருப்பிப் பாத்துட்டன்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணயா?"

"ஒம்போதும்."

"ஒம்போதுமா!"

"ஒண்ணு மட்டும் தப்பா இருந்தா யாருக்காவது தெரிஞ்சிருக்கும்ப்பா. ஒம்போதும் ஒரேமாரி இருந்ததால சரின்னு உட்டுட்டாங்க."

என்னையே பார்த்தார். இந்தப் பார்வைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், ஆனால் அதில் நான் பயந்தது இல்லை, அதில் ஒரு கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது, இப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களோ என்று. போனை நீட்டினேன், வரைபடத்தைக் காட்டினேன், இதுதான் ஸ்விட்ச் பெட்டி என்றேன். கோடுகளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னாலும் அது உள்ளே போக ஒரு வழி வேண்டுமே, எல்லா வழியும் நான்தான் அடைத்துவைத்திருக்கிறேன். அப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கினார், எதையோ வெளியிலிருந்து இழுத்துச் சாத்துகிறமாதிரி காற்றில் இழுத்தார், மறுபடி இழுத்தார்.

"வலக்கொட்டான்னு நெனச்சிட்டியாடா?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். கண் கலங்கிவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. நான் அடித்த கதவுகளில் பாதியைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தினது அவர்தான்.

"அட முட்டாப் பயலே" என்றார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது, இருமுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார். தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அறுநூறு பேர வலைன்னு நெனச்சியா, அட முட்டாப் பயலே." சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அப்ப உள்ளேர்ந்து எப்பிடிடா சாத்துவாங்க?"

"கைப்பிடி இருக்குப்பா."

"கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு ராவெல்லாம் நிப்பாங்களா? காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு தெரியுமா ஒனக்கு? கதவு பிச்சிக்கும்டா. ஒங்கம்மா உள்ள ஒக்காந்து சாம்பார் சாதம் திங்கறா."

இதை நான் யோசிக்கவே இல்லை. பதினாலு மாதம் என் வெட்கத்தைப்பற்றியே யோசித்திருக்கிறேன், அந்தக் குரலும் தேசிங்கு மச்சானும் கதவு சாத்துவதைப்பற்றியே பயந்தார்கள், சாத்தமுடியாது என்பதைப்பற்றி ஒருவரும் பயப்படவில்லை. அப்பா அதற்குள் கொல்லைப்பக்கம் போய்விட்டார். படகைக் கட்டுகிற நைலான் கயிறு, சுருட்டுச் சுருட்டாக, ஒரு தோளில் மூன்று, இன்னொரு தோளில் இரண்டு. கதவுக்குக் கதவு, உள்பக்கக் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் குறுக்காகப் போட்டு இறுக்கினால் எந்தக் காத்தும் அசைக்காது, நாலு ஆள் வேணும், முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஆள், அங்க இருக்கிறதெல்லாம் பொம்பளையும் பொடிசும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினார். முடிச்சுப் போடத் தெரிந்த ஆட்களெல்லாம் இந்த ஏழு வீட்டுக்குள் தாழ்ப்பாளைப்பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"டேய் தேசிங்கு! வெளிய வாடா!"

மச்சான் போனும் கையுமாக வந்தார். "என்னா மாமா?"

"அந்தத் தாழ்ப்பாள வச்சது எம்மவன். இதோ நிக்கிறான் பாரு. வலக்கொட்டாக் கதவுன்னு நெனச்சி ஒம்போதையும் பொரட்டி வச்சிட்டு ஒரு வருசமா முழிச்சிக்கிட்டுத் திரியிறான்."

மச்சான் என்னைப் பார்த்தார். போனில் இருந்த சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "மாப்ள, நீயா?"

"ஆமா மச்சான்."

"டீக்கடையில சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?"

"வெக்கமா இருந்துச்சு."

"நான் இத எறநூறு பேருக்கு அனுப்பிட்டன்டா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு திண்டாடினார், அப்புறம் உள்ளே திரும்பி, ஏ புள்ள, பைய எடு என்று கத்தினார். அப்பா நிற்கவில்லை. அடுத்த வீட்டில் மறுபடி அதையே முதலிலிருந்து சொன்னார், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் விரித்து, நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்ததாக. நான் அப்படிப் பிடிக்கவில்லை. மூன்றாவது வீட்டில் நான் ஒரு ஜன்னலையும் தவறாக வைத்துவிட்டேன். மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனேன், மஞ்சள் வெளிச்சத்தில் எங்கள் நிழல்கூட விழவில்லை, கனவில் நடக்கிறமாதிரி இருந்தது, முகமெல்லாம் எரிந்தது, காது எரிந்தது, ஒவ்வொரு வாசலிலும் யாராவது ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள், சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே ரேஷன் கார்டையும் போர்வையையும் தேடினார்கள். "ஏண்டா, எங்கூட்டு மாட்டுக்கொட்டாவுக்கு நீதான கதவு அடிச்ச, மாடு வெளியவா உள்ளயா?" என்றாள் செல்லாச்சி அத்தை, மூட்டையை என் தலையில் ஏற்றிக்கொண்டே. காற்று மறுபடி வந்துவிட்டது, இந்தத் தடவை கடலிலிருந்து, மணலோடு. அப்பாவின் குரலை அது பிடுங்கி முன்னால் எறிந்தது. தெரு முனையில் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. கடைசி வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை, இன்னும் பத்து எட்டு இருந்தது, அதற்குள் உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது.